ஹொப்ஸ் வடியில் ஆட்டிறைச்சி எண்ணெய்

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் வடி மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ஊரில் எங்கள் வீட்டில் இருந்தவை தேத்தண்ணிக்கு ஒரு வடியும் தேங்காய்ப்பாலுக்கு ஒரு வடியும்தான். இங்கே நிலவறையில் நிற்கும் சூடாக்கிக்கு ஒரு வடி, உடுப்பு உலர்த்தும் மெசினுக்கு ஒரு வடி, அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் பெட்டிக்கு ஒரு வடி, காருக்குள் காற்று வரும் வழிக்கு ஒரு வடி. குழாயில் வருகிற நல்ல தண்ணீரையும் நம்பாமல் அதற்கும் ஒரு ஜாடி வாங்கி வடித்துக் குடிக்கிறோம். மல்வேர்னில் இருக்கும் எங்கள் ரவுன்ஹவுஸில் இவை எல்லாவற்றையும் கழற்றித் தட்டி, கழுவி, புதிது வாங்கிப் பூட்டுகிறவள் நான். அதற்காக எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன். எந்தக் கடைக்காரனும் ஒருநாளாவது "உங்கள் கணவருக்கா?" என்று கேட்டதில்லை. தூசி தட்டுகிற வடி பெண்ணுக்குரியது என்பதில் உலகத்து ஆண்கள் எல்லாரும் ஒரே கட்சி போலிருக்கிறது. பியர் காய்ச்சுகிற கிடாரத்துக்கு ஒரு வடி வாங்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி முதன்முதலாக வந்தது.

ஓம், பியர்தான். இதை வாசித்துவிட்டுத் தலையில் கைவைக்கிறவர்கள் வைத்து முடித்த பிறகு தொடரலாம். நான் மட்டக்களப்பில் பிறந்தவள், யாழ்ப்பாணத்தவர் ஒருவரைக் கட்டியவள், ஐம்பதைத் தாண்டியவள், வளர்ந்த பிள்ளைகள் இரண்டுக்குத் தாய். ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் மாவையும் ஈஸ்டையும் சோதிப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் என் வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சுகிறேன். வீட்டுக்கென்று காய்ச்சுவதை இந்த நாட்டுச் சட்டம் தடுப்பதில்லை. தடுப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

அதில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் இனிப்புத் தண்ணீர் வரும். அதைக் கொதிக்கவைத்து ஹொப்ஸ் என்ற ஒரு கொடியின் பூவைப் போடவேண்டும். கசப்பும் மணமும் அதிலிருந்துதான் வருகின்றன. பிறகு ஆறவைத்து, கிடாரத்தின் அடியில் உள்ள குழாயைத் திறந்து, புளிக்கவைக்கும் வாளிக்குள் இறக்கி ஈஸ்டைப் போட்டுவிட்டால் மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். பிரச்சினை ஹொப்ஸில் இருக்கிறது. கடையில் அதை அரைத்து அமுக்கி, ஆட்டுப் புழுக்கை அளவில் உருட்டி விற்கிறார்கள். கொதிதண்ணீரில் விழுந்ததும் அது கரைந்து பச்சைச் சேறாகிவிடும். அந்தச் சேறு போய் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். முதல் தடவை நான் ஒரு மணிநேரம் குனிந்து நின்று கோப்பையால் அள்ளி இறைத்தேன். அடுத்த தடவை என் பழைய நூல் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, மூட்டையாகக் கட்டிப் போட்டேன். உள்ளே போன ஹொப்ஸ் ஊதி, துணியின் கண்களை எல்லாம் அடைத்து, தலையணை மாதிரி மிதந்தது. கசப்பும் இல்லை, மணமும் இல்லை. சேலையின் மஞ்சள் சாயம் மட்டும் தாராளமாக இறங்கியிருந்தது.

அதனால்தான் கடைக்குப் போனேன். கடை நகரத்தின் மேற்குப் பக்கம். பஸ் ஏறி, சப்வே பிடித்து, மீண்டும் பஸ் ஏறிப் போனேன். தாடி வைத்த இளைஞன் ஒருவன் சிரித்த முகத்தோடு வந்தான். ஹொப்ஸுக்கு வடி வேண்டும் என்றேன். உங்கள் கணவருக்கா, பரிசாகவா என்று கேட்டான். இல்லை, எனக்கு என்றேன். உடனே அவன் முகத்தில் ஒரு கனிவு வந்தது. சங்கிலி போட்ட ஒரு சின்ன உருண்டை வடியை எடுத்து வந்து, தேநீருக்கு இது மிகவும் நல்லது, நித்திரை கொள்ளச் சிரமமா என்று விசாரித்தான். நித்திரை வராதவர்கள் ஹொப்ஸை அவித்துக் குடிப்பார்களாம். சேலை இல்லாமல் ஜீன்ஸோடு போயும் என்னைப் பார்த்ததும் அவனுக்கு நினைவு வந்தது நித்திரை வராத ஒரு மனுசியைத்தான். நான் கிடாரத்தின் அளவைச் சொன்னேன். அவன் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டான், கேட்டுவிட்டு மறுபடி அந்த உருண்டையை என் கையில் வைத்தான். எனக்கு வந்த கோபத்தில் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். அத்தனை தூரம் பஸ்ஸில் வரும்போது, அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய இங்கிலீஷ் எல்லாம் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் வந்து ஏறியது.

எனக்கு ஏன் இந்த விசர் வேலை என்று கேட்பீர்கள். என் அம்மாவைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் வாவிக்கரையில் இருந்தது. கரையோரக் கண்டல் பற்றைக்குள் கசிப்புக் காய்ச்சினார்கள். சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் கலந்து பீப்பாவில் புளிக்கவைப்பதற்குக் கோடா என்று பெயர். அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு. யார் காய்ச்சுவது என்று ஊருக்கும் தெரியும், பொலிசுக்கும் தெரியும். என் அப்பா பகலில் கோழியைக்கூட அதட்டாத மனிதர். பின்னேரம் பற்றைக்குள் போய் வந்தால் வேறு ஆள். அவர் படலையைத் திறக்கும் சத்தத்தை வைத்தே அன்று எங்களில் யாருக்கு அடி என்று நாங்கள் கணித்துவிடுவோம். ஒருநாள் அம்மாவும் அயலில் உள்ள பெண்களும் உலக்கைகளை எடுத்துக்கொண்டு பற்றைக்குள் போனார்கள். நான் பின்னால் ஓடினேன். அம்மா ஒவ்வொரு பீப்பாவாகப் போட்டு உடைத்தா. மற்றப் பெண்கள் சத்தம் போட்டார்கள். கோடா மண்ணில் ஓடி எங்கள் காலை நனைத்தது. புளித்த அந்த மணம் வீடுவரை எங்களோடு வந்தது. அன்று பின்னேரம் அப்பா அம்மாவின் கையை முறித்தார். அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது. பொம்பிளையள் ஆம்பிளையளின் விசயத்துக்குள்ள மூக்கை விட்டால் இப்படித்தான் என்று ஊர் சொன்னது. கசிப்புக் காய்ச்சியவன் அடுத்த கிழமையே புதுப் பீப்பா வைத்தான்.

பாண் தொழிற்சாலையில் முதல்நாள் ஈஸ்ட் ஊறும் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்கள். நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மேற்பார்வை செய்த பெண், பிள்ளை வயிற்றிலா என்று கேட்டா. இல்லை, அப்பா வயிற்றில் என்று சொல்ல எனக்கு அப்போது இங்கிலீஷ் காணாது. பிறகு வருடக்கணக்காக அந்த மணத்தோடு வேலை செய்தேன். ஒருநாள், கூட வேலை செய்யும் ஒருத்தி தான் வீட்டில் காய்ச்சிய பியர் என்று ஒரு போத்தல் தந்தா. குடித்தேன். அதில் தோடம்பழத் தோலின் மணம் இருந்தது, பாணின் மணம் இருந்தது. பயம் இருக்கவில்லை. எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது. இது இவ்வளவுதானா? இந்தச் சின்ன உயிர் சீனியைத் தின்று செய்கிற வேலையைக் காட்டித்தானா எங்கள் வீட்டில் அத்தனை வருடம் பேயாட்டம் ஆடினார்கள்? ஈஸ்ட் அப்பாவின் சொத்தா? அந்தக் கிழமையே கிடாரம் வாங்கினேன்.

அம்மா இன்னும் மட்டக்களப்பில்தான், தம்பியோடு இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவோம். சனிக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்பா. பார்லி காய்ச்சினேன் என்பேன். அது முழுப் பொய்யும் இல்லை. பார்லித் தண்ணீர் உடம்புக்குக் குளிர்ச்சி, மருமகனுக்கும் கொடு என்பா.

என் கணவர் சிவபாலன் கெட்டவர் இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. இதை நான் ஒரு பெருமையாகச் சொல்லவேண்டி இருப்பதே எனக்கு எரிச்சல். நான் பியர் காய்ச்சப் போகிறேன் என்றதும் அவர் முதலில் பார்த்தது கராஜ் கதவைத்தான். "கதவை முழுக்கத் திறக்காதையும். பொம்பிளை சாராயம் காய்ச்சிறாள் எண்டு றோட்டில போற எங்கட சனம் கதைக்கும்" என்றார். எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ் வீடு. அதனால் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் கதவை உயர்த்தி, ஆவிக்கும் வெக்கைக்கும் நடுவில் நின்று காய்ச்சினேன். இதே தெருவில் பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கு, ஐம்பதாவது, அறுபதாவது என்று எது வந்தாலும் கராஜைத் திறந்துவைத்து, பிளாஸ்ரிக் கதிரை போட்டு, விஸ்கிப் போத்தல்களை வரிசையாக அடுக்குவார்கள். அதை யாரும் கதைப்பதில்லை. குடிப்பதற்குக் கதவு மேலே போகலாம், காய்ச்சுவதற்குப் போகக்கூடாது.

அப்படி இருந்த நேரத்தில் குணம் வந்தான். கணவரோடு களஞ்சியத்தில் வேலை செய்பவன், அவரை அண்ணை என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுகிறவன். ஃபிரிட்ஜைத் திறந்து பெயரில்லாத ஒரு போத்தலை எடுத்துக் குடித்துப் பார்த்தான். கண் விரிந்துபோனது. உது ஆர் அண்ணை செய்தது என்று கேட்டான். நான் கட்லட் தட்டோடு பக்கத்தில் நின்றேன். கணவர் என்னைப் பார்க்காமல், "நான்தான். சும்மா ஒரு பொழுதுபோக்கு" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். அது காப்பாற்றல் இல்லை என்பது போகப்போகத்தான் விளங்கியது. ஆட்கள் ரெலிபோன் எடுத்துப் போத்தல் கேட்டார்கள். பாலன் அண்ணையின் பியர் என்று பெயர் வந்துவிட்டது. நான் கிடாரத்தோடு பேசிக்கொண்டு நிற்கும்போது காதில் விழுந்த சொற்களை எல்லாம் அவர் கராஜ்களில் உட்கார்ந்து வீசினார். சோற்றுக் கஞ்சியைக்கூட ஒருநாள் வடிக்காத மனுசன், ஹொப்ஸை எப்போது போடவேண்டும் என்று வகுப்பு எடுத்தார்.

வடி வாங்க இரண்டாம் முறை போனபோது அவரும் வந்தார். வராமல் விடுவாரா? அதே தாடிக்காரன்தான் நின்றான். மூன்று வகையை மேசையில் வைத்தான். ஒன்று துணிப்பை. மற்றது கிடாரத்துக்குள்ளே குழாயின் வாயில் பூட்டுகிற சல்லடைக் குழல். கடைசியானது கிடாரத்தின் விளிம்பில் கொளுவித் தொங்கவிடுகிற நீட்டு உருளை, பக்கமெல்லாம் மெல்லிய எவர்சில்வர் சல்லடை. துணிப்பையின் கதை எனக்குத் தெரியும். சல்லடைக் குழலை அந்தச் சேறு ஐந்து நிமிடத்தில் மூடிவிடும். உருளைதான் சரி, ஆனால் கண் மிகவும் நுண்ணியதாக இருந்தால் உள்ளே உள்ளது உள்ளேயே நின்றுவிடும், பெரிதாக இருந்தால் சேறு வெளியே வந்துவிடும். ஆகவே கண்ணின் அளவைக் கேட்டேன். பொடியன் சரியாகத்தான் பதில் சொன்னான், விவரமாகவும் சொன்னான். முழுவதையும் என் கணவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவர் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். அடுத்த கேள்வியையும் நான்தான் கேட்டேன், பதில் அதற்கும் அவருக்கே போனது. கடைசியில் உருளையைப் பொதிசெய்து அவர் கையில் கொடுத்து, உங்கள் அடுத்த பியருக்கு வாழ்த்துக்கள் என்றான். அவரும் நன்றி சொன்னார்.

வெள்ளைக்காரர்களின் பியர் காய்ச்சும் குழு ஒன்றுக்கும் ஒருமுறை போனேன். போத்தல் தந்த பாண் தொழிற்சாலைக்காரிதான் கூட்டிப்போனா. நல்ல மனிதர்கள், இருக்க இடம் தந்தார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து, நீ மிகவும் துணிச்சல்காரி, உங்கள் ஆண்கள் இதற்கு விடுகிறார்களா என்று கேட்டா. இன்னொருவர், உங்கள் நாட்டு மசாலாக்களைப் போட்டுக் காய்ச்சுங்களேன், கறிவேப்பிலை போட்டால் எப்படி இருக்கும் என்றார். நான் கொண்டுபோனது வெறும் பியர், பார்லியும் ஹொப்ஸும் மட்டும். குடித்துவிட்டு, ஏலக்காய் மணக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஏலக்காய் என் வீட்டு அலுமாரியில் இருந்ததே தவிர அந்தப் போத்தலில் இருக்கவில்லை. அங்கே நான் தப்பிவந்த பெண்ணாக இருந்தால் நல்லது, இங்கே பாலன் அண்ணையின் மனுசியாக இருந்தால் நல்லது. பியர் காய்ச்சுகிற ஒருத்தியாக நான் இருப்பதற்கு இரண்டு பக்கத்திலும் கதிரை போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குணம் ஒரு யோசனையோடு வந்தான். அண்ணை பியர் காய்ச்சுவதை எல்லாரும் பார்க்கவேண்டுமாம். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. என்னைக் கேட்காமல்தான் முடிவாயிற்று. நீர் எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தி வையும், நான் ஆக்களுக்கு முன்னால் செய்கிறேன் என்றார் கணவர். நான் செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கோ என்றேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நீர் எப்படி நிற்பது என்று கேட்டார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் செய்து காட்டுவார். முடிந்ததும், இதெல்லாம் என் மனுசி காய்ச்சுவது, நான் அவவிடம்தான் பழகினேன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லுவார். ஒரு வசனம், அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு வசனம் வேண்டும். "ஓம் ஓம், சொல்லுறன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை கராஜ் கதவு உச்சிவரை திறந்தது. நான் விடியவே எழும்பிப் பார்லியை ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்து, எதை எப்போது போடவேண்டும் என்று அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன். புதிய வடியை அவித்துக் கழுவி, குசினி மேசையில் வெள்ளைத் துவாயின்மேல் கவிழ்த்து வைத்தேன். பிறகு கறிக்கு வெங்காயம் வெட்டப் போனேன். பொம்பிளைகள் வந்துவிட்டார்கள். எங்கள் வீடுகளில் விருந்தென்றால் வருகிற பெண்கள் கைப்பையை வைத்த மறுநிமிடம் குசினியைத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை, அது எங்கள் வழக்கம். குணத்தின் மனைவி ராஜி ஆட்டிறைச்சி பொரித்துக்கொண்டிருந்தாள். நான் குளிர்பெட்டிக்குள் இருந்து தயிரை எடுத்துக்கொண்டு திரும்பினால், என் ஹொப்ஸ் வடி நிறைய ஆட்டிறைச்சி. மிளகாய்த்தூள் சிவப்பில் எண்ணெய் சல்லடையின் கண்களால் சொட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, உது நல்ல வடி. எண்ணெய் எல்லாம் வடிவா இறங்குது. எங்க வாங்கினீங்கள்?" என்று கேட்டாள் ராஜி.

அவளை நான் என்ன சொல்ல? ஒரு தமிழ்க் குசினியின் மேசையில் புத்தம் புதிய எவர்சில்வர் சல்லடை ஒன்று கவிழ்ந்து கிடந்தால், அது பொரியலின் எண்ணெய் வடிக்க என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் எண்ணெய் பட்ட வடியால் பியரில் நுரை நிற்காது. தேய்த்துக் கழுவி மறுபடி அவிக்கவேண்டும். கணவர் வடியை எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, வடி இல்லாவிட்டால் என்ன, சும்மா போடுகிறேன் என்றார். போடாதேங்கோ, குழாய் அடைக்கும், கொஞ்சம் பொறுங்கோ என்று மன்றாடினேன். உமக்கு எல்லாத்துக்கும் ஒரு பயம் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். ஜன்னலால் பார்த்தேன். தாளிதத்துக்குக் கறிவேப்பிலை போடுவது மாதிரி ஹொப்ஸ் முழுவதையும் கையால் வாரிக் கிடாரத்துக்குள் வீசினார். ஆட்கள் கைதட்டினார்கள்.

கிடாரம் ஆறி முடிந்திருக்க வேண்டிய நேரத்தில் குணம் குசினி வாசலில் வந்து நின்றான். அண்ணை உங்களை ஒருக்கா வரட்டாம் என்றான். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். கராஜில் பத்துப் பதினைந்து ஆண்கள், எல்லாருடைய கையிலும் கிளாஸ், எல்லா கிளாஸிலும் நான் போன மாதம் காய்ச்சிய பியர். கணவர் கிடாரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. வாயை வைத்து ஊதிப் பார்த்திருக்கிறார், உதட்டில் பச்சைச் சேறு. அது சரிவராமல், ஈர்க்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்கை உருவிக் குழாய்க்குள் விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். கராஜ் கூட்டுகிற ஈர்க்குமாறு! எச்சிலும் தூசியும் போன பியர் என்ன பியர்? நான் அவரை விலக்கி, குழாயின் பூட்டைக் கழற்றி, உள்ளே இருந்த கட்டியை விரலால் இழுத்து எடுத்து, மறுபடி பூட்டினேன். தண்ணீர் பாய்ந்தது.

குணம் ஆச்சரியப்பட்டான். "அக்காவுக்கும் உது தெரியுமோ?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சொல்லவேண்டிய வசனத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அவரும் என்னைப் பார்த்தார். நான் எதற்குக் காத்துநிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். உதட்டைத் துடைத்துக்கொண்டு ஆட்களின் பக்கம் திரும்பினார்.

"அவ எனக்கு உதவி செய்யிறவ. சாமான்களைக் கழுவித் துடைச்சுத் தருவா."

அண்ணை குடுத்து வைச்சவர் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சத்தம் போடவில்லை. "உது நான் காய்ச்சிறது" என்றேன். "நீங்கள் இவ்வளவு நாளும் குடிச்ச எல்லாப் போத்தலும் நான் காய்ச்சினது. இவருக்கு உதில ஒண்டும் தெரியாது."

சிரிப்பு நின்றது. கணவர் நிலத்தைப் பார்த்தார். குணம்தான் நிலைமையைச் சமாளிக்க வந்தான். அவன் அதை நல்ல மனதோடுதான் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சரி அக்கா. அண்ணையும் நீங்களும் வேற வேற ஆக்களே? ஆர் செய்தா என்ன, ஒண்டுதானே."

ஒன்றுதான். வெங்காயம் வெட்டும்போது நான் தனி ஆள், வடியைக் கழுவும்போது தனி ஆள், பெயர் சொல்லும் நேரம் வந்தால் மட்டும் நாங்கள் இருவரும் ஒன்று. கிடாரத்தின் இரண்டு காதையும் பிடித்தேன். மா மூட்டை தூக்கிப் பழகிய கை. அது கராஜின் வாசலில், ஒரு சின்னப் பலகையின் மேல்தான் இருந்தது. தெருப் பக்கமாகச் சாய்த்துவிட்டேன். பழுப்பு நிறத் தண்ணீர் பச்சைச் சேற்றையும் இழுத்துக்கொண்டு டிரைவ்வேயில் இறங்கியது. ஆண்கள் சப்பாத்துக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். குணத்தின் வெள்ளைச் சப்பாத்து நனைந்துபோனது. வாசலில் ஆட்டிறைச்சித் தட்டோடு நின்ற ராஜி வாயைத் திறந்தபடி நின்றாள். என் காலும் நனைந்தது. அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா கவிழ்த்தது புளித்த கோடா, இன்னொருவன் காய்ச்சியது. நான் கவிழ்த்தது இன்னும் பியராகாத இனிப்புத் தண்ணீர், விடிய எழும்பி நானே காய்ச்சியது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகைதான், ஆனால் அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று உள்ளே போய்விட்டேன்.

ஆட்கள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உமக்கு விசரா, என் மானம் போச்சு என்றார் கணவர். ஒரு வசனம்தானே கேட்டேன் என்றேன்.

மறுநாள் அம்மாவோடு பேசும் நாள். அம்மா வழக்கம்போல, "என்ன புள்ள, பார்லி காய்ச்சினியா?" என்று கேட்டா. முந்திய நாள் உண்மை சொன்ன வாய், மூடவில்லை. "அது பார்லித் தண்ணி இல்லம்மா. பியர். நான்தான் காய்ச்சிற. இவ்வளவு நாளும் அதத்தான் காய்ச்சினன்" என்றேன்.

குணத்தைப் பற்றி, வடியைப் பற்றி, நான் கவிழ்த்ததைப் பற்றி எல்லாம் சொல்ல இருந்தேன். அம்மாவுக்கு விளங்கும், வேறு யாருக்கும் விளங்காவிட்டாலும் அம்மாவுக்கு விளங்கும் என்று நினைத்திருந்தேன்.

"ஒங்கொப்பன்ட ரெத்தம்" என்றா அம்மா. தொடர்பு அறுந்தது.

நான் மறுபடி எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? நீளாத அந்தக் கையால்தான் அம்மா ரெலிபோனைப் பிடித்திருப்பா. எனக்கு அம்மாவிலும் கோபம் வந்தது, அப்படிக் கோபம் வந்ததற்காக என்னிலும் கோபம் வந்தது. வெளியே போய்க் குழாயை இழுத்து டிரைவ்வேயைக் கழுவினேன். இனிப்புக் காய்ந்து பிசினாகி இருந்தது. குளவிகள் மொய்த்தன. பிறகு வடியைக் கழுவினேன். சோடாவில் ஊறவைத்து, தேய்த்து, அவித்து, மறுபடி தேய்த்தேன். அதற்குள் மூக்கை வைத்தால் ஆட்டிறைச்சிதான் மணந்தது. என் விரல்களில் ஹொப்ஸ் மணம் இருந்தது, அதுவும் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை கராஜில் கிடாரத்தை எடுத்து வைத்தபோது கணவர் கோப்பியோடு வீட்டுப் பக்க வாசலில் வந்து நின்றார். ஒரு கிழமைக்குப் பிறகு அவராக வாய் திறந்தார். "குணம் போத்தல் கேக்கிறான். என்னெண்டு சொல்லுறது?"

"நான் காய்ச்சிறன் எண்டு சொல்லுங்கோ. ஏலாட்டிப் பார்லித் தண்ணி எண்டு சொல்லுங்கோ. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்."

அவர் கோப்பியைக் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, ஒரு முழத்துக்கு மட்டும் உயர்த்துகிற பழக்கத்தில் அவர் கை கராஜ் கதவின் பொத்தானுக்குப் போனது. நான் முந்திக்கொண்டேன். கதவு கிறீச்சிட்டபடி மேலே போய் உச்சியில் நின்றது. எதிர்வீட்டுத் தமிழ் அன்ரி குப்பைப் பெட்டியை இழுத்தபடி என்னைப் பார்த்தா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கையசைத்து, என்ன சமையல், கறியா என்று கேட்டார். நான் வடியைக் கிடாரத்தின் விளிம்பில் கொளுவினேன். இந்த முறை பியரில் நுரை நிற்காது, ஆட்டிறைச்சி எண்ணெய் மணமும் கொஞ்சம் வரும். தெரிந்துகொண்டுதான் அடுப்பைப் போட்டேன்.